எங்கள் முப்பத்தொன்று

இதில் ஒருவருக்கும் பெயர் இல்லை. பூர்வகுடிப் பெண்ணான அன்ரியின் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், அவர்களாகச் சொல்லும்வரை அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படத்தையும் கண்முன் வைப்பதில்லை. இனிச் சொல்லலாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள்தான். இருந்தும் எழுத உட்கார்ந்தால் கை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அன்ரியின் பெயர் இல்லாத பக்கத்தில் மற்றவர்களின் பெயர் மட்டும் நிமிர்ந்து நிற்பது சரியாகப் படவில்லை. எல்லோரும் பெயரில்லாமலே இருக்கட்டும்.

நான் சிட்னியில் ஒரு மாநில அலுவலகத்தில் வேலை செய்கிறேன். குவாரி தோண்ட, குழாய் புதைக்க, ஓடையைத் திருப்ப, யார் வந்தாலும் எங்களிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதிகளுக்குள் பூர்வகுடி மக்களின் குரல் எப்படி வர வேண்டும் என்று ஒரு கொள்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கோப்பின் தலைப்பை மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்தேன்: நல்லிணக்கம். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது விட்டுவந்த நாட்டில். சொன்னவர்கள் சீருடை போட்டிருந்தார்கள். இந்த ஊரில் அதைச் சொல்கிறவர்கள் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். நானும் தொங்கவிட்டிருக்கிறேன். கோப்பை வாங்கிய அன்று அதைத் திறக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். அது பயமா, நாணமா, இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்ரி ஆலோசனைக் குழுவின் தலைவர். அலுவலகத்துக்கு வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மேற்கே, ஓடைக்கரையில் இருந்த சமூக மண்டபத்துக்கு நாங்கள்தான் போனோம்: இயக்குநர், சட்டத்தரணி, நான். இங்கே பூர்வகுடி மக்களும் மூத்த பெண்களை அன்ரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். அதனால் கூச்சமில்லாமல் முதல் நாளே அன்ரி என்றுவிட்டேன். எல்லோரும் பேசியது ஆங்கிலம். என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே விழுந்து கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"எங்க இருக்கிறாய், பிள்ளை?"

"கிரவீனில, அன்ரி."

"அது எங்கட சொல்லெல்லோ. பூக்கள் இருக்கிற இடம். எங்கட சொல்லுக்குள்ள குடியிருக்கிறாய். பயப்பிடாத, வாடகை கேக்கமாட்டன்."

மண்டபமே சிரித்தது. இயக்குநர் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருகணம் யோசித்துவிட்டுப் பிறகு சிரித்தார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகள் எல்லாவற்றையும் புதிதாக வாசித்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருடம் வெறும் தரிப்பிடங்களாக இருந்தவை.

அன்ரிக்குக் கொள்கையில் ஒரேயொரு விடயம்தான் வேண்டியிருந்தது. மற்றப் பக்கங்களையெல்லாம் கையால் தள்ளிவிடுவார். "அதெல்லாம் நீங்கள் எழுதுவியள். நல்லா எழுதுவியள். எனக்கு இது ஒண்டு காணும்."

அந்த ஒன்று ஒரு மரத்திலிருந்து வந்தது. ஓடை வளைகிற இடத்தில் ஒரு பழைய யூக்கலிப்டஸ் நின்றதாம். படகு செய்ய மரப்பட்டையை உரித்தெடுத்த வடு அதன் உடம்பில் நீளமாக இருந்ததாம். யார் உரித்தார்கள் என்று அவருடைய தாய்க்குத் தெரியும், தாயின் தாய்க்கும் தெரியும். அந்த இடத்தில் நீரேற்று நிலையம் ஒன்று கட்ட விண்ணப்பம் வந்தபோது, ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டப்படி கொஞ்சக் காலம் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்குள் அன்ரியின் அண்ணன் இறந்துபோனார். சாவு விழுந்தால் அவர்களிடத்தில் எல்லாம் நிற்கும். கூட்டம் நிற்கும், கையெழுத்து நிற்கும், தொலைபேசி அடித்தாலும் அடித்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் ஒரே வீட்டில், ஒரே துக்கத்துக்குள் இருப்பார்கள். அவர்கள் அதைவிட்டு வெளியே வந்து பார்த்தபோது கெடு முடிந்திருந்தது. மரமும் இல்லை.

"செத்தது அண்ணன். அவரை அழுது முடிக்கேக்குள்ள மரத்தையும் அழ வேண்டி வந்திட்டுது," என்றார். குரல் உயரவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

அவர் கேட்டது இதுதான்: சமூகத்தில் சாவு விழுந்தால் கெடுவின் மணிக்கூடு நிற்க வேண்டும். குடும்பம் சொன்ன பிறகுதான் அது திரும்ப ஓட வேண்டும்.

சட்டத்தரணி கெட்டவள் அல்ல. நல்லவள், கவனமானவள், அதனாலேயே பிடிவாதக்காரி. முடிவு நாள் சொல்லாத சட்டப் பிரிவு எதுவும் நீதிமன்றத்தில் நிற்காது என்றாள். எத்தனை நாள் என்று ஒரு எண் வேண்டும் என்றாள். அன்ரி எண் சொல்ல மறுத்தார். மூன்று கூட்டம் இப்படியே போனது. ஒருத்தி கேட்பாள், மற்றவர் யன்னலுக்கு வெளியே ஓடையைப் பார்ப்பார்.

அதற்கு முந்தைய வருடம்தான் என் அண்ணர் இறந்துபோயிருந்தார். எங்களுக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவு என்ற சடங்கு இருந்தது, முப்பத்தொன்று இருந்தது. முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து கிருத்தியம் முடித்து, படைத்து, சாப்பிட்டு, பின்னேரம் குசினியைக் கழுவி விட்டபோது, சாவுத் தீட்டான துடக்குக் கழிந்தது என்று அக்கா சொன்னா. அந்த ஒரு வசனத்தில் எனக்கு மூச்சு வந்தது. துக்கம் தீர்ந்துவிட்டது என்பதற்காக அல்ல. கதவு எந்தப் பக்கம் என்று யாரோ காட்டிவிட்டார்கள் என்பதற்காக. மறுநாள் அண்ணி வேலைக்குப் போனா.

ஆகவே அந்த மேசையில், இரண்டு நல்ல மனிதர்கள் இப்படி முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியாமல், என் வாய் முந்திக்கொண்டது. எங்களிடத்தில் முப்பத்தொரு நாள், என் அண்ணர் செத்தபோதும் அதுதான், அப்படி ஏதாவது வைக்கலாமா என்றேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். எல்லாத் துக்கத்துக்கும் எங்கேயோ ஒரு எண் இருக்கும், கேட்கிற விதமாகக் கேட்டால் வெளியே வரும் என்று எங்கள் ஆட்கள் மட்டும்தான் நினைப்பார்கள்.

அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், தோள் குலுங்க.

"உங்கட ஆக்கள் செத்தவீட்டிலயிருந்து நேர வேலைக்குப் போறவை போல."

அண்ணியை நினைத்து நானும் சிரித்தேன். இயக்குநரும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு அன்ரி மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை சூடாக இருந்தது.

"உன்ர அண்ணனுக்கு அது சரி, பிள்ளை. எங்கட துக்கம் எப்ப முடியுமெண்டு எங்களுக்கே தெரியாது. ஒரு நாள் விடிய எழும்பேக்க தெரியும். அப்ப நாங்கள் சொல்லுவம். அதுவரைக்கும் மணிக்கூட்டை நிப்பாட்டி வையுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை."

சட்டத்தரணி அன்று எண்ணைக் கேட்கவில்லை. காரில் திரும்பும்போது, எழுதிப் பார்ப்போம் என்றாள். எழுதினோம். குடும்பம் சொல்லும்வரை. நான் எழுதிய அரசாங்க வசனங்களில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான். இயக்குநர் கையெழுத்து வைத்தார். வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியே போனது. அட்டையில் அன்ரியின் படம், ஓடைக்கரையில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

குளிர்காலத்தில், வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூக்கத் தொடங்கிய ஒரு காலை, அன்ரியின் பெறாமகள், அவர் தங்கையின் மகள், எனக்கு அழைத்தாள். மண்டபத்தில் தேநீர் ஊற்றுகிறவள், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். அன்ரி நித்திரையிலேயே போய்விட்டார் என்றாள். படத்தை எடுத்துவிடுங்கோ, பெயரையும் எடுத்துவிடுங்கோ என்றாள். 

படத்தை நானே எடுத்தேன். இணையப் பகுதிக்காரரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. அட்டையில் அவர் நின்ற இடத்தில் மென்பச்சை நிறம் வந்து உட்கார்ந்தது. ஒரு பெயரை ஆவணம் முழுவதும் தேடி நீக்குவதற்குக் கணினிக்கு ஒரு கண்சிமிட்டல் போதும். நான் ஒவ்வொன்றாக நீக்கினேன்.

கருத்துச் சொல்லும் காலம் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஓடைக்கரைச் சமூகத்திலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். வந்தவை எல்லாம் கம்பனிகளின் கடிதங்கள். நாகரிகமானவை, ஆழ்ந்த மரியாதையுடன் தொடங்குபவை. எல்லாமே அந்தப் பிரிவைத்தான் தொட்டன. முடிவில்லாத காத்திருப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டன.

இயக்குநரின் அறைக்குப் போய், நிறுத்தி வைப்போம் என்று கேட்டேன். அவர்கள் வெளியே வரும்வரை காத்திருப்போம். இந்தக் கொள்கை சொல்வதே அதைத்தானே என்றேன்.

அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அன்ரியை அவருக்கும் பிடிக்கும். குடும்பத்துக்குப் பூ அனுப்பியிருந்தார். "அந்த விதி இன்னும் நடைமுறைக்கு வரேல்லையே," என்றார். "வந்திருந்தா நிப்பாட்டியிருக்கலாம்." அமைச்சரவைக்குப் போகும் திகதி மேலிடத்தில் குறித்தாயிற்று என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. நான் அறையை விட்டு வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்று, குவளை நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கூட்டத்தை நடத்தியே ஆக வேண்டும். வாய்ப்புக் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும். நகரசபை ஆள் வந்து மண்டபத்தைத் திறந்துவிட்டுப் போனார். சட்டத்தரணியும் நானும் கதிரைகளை வட்டமாகப் போட்டோம். தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். பிஸ்கட் பெட்டியைத் திறந்தோம். ஒருவரும் வரவில்லை. ஓடையில் வாத்துகள் சத்தம் போட்டன. அன்ரி வழக்கமாக உட்காரும் கதிரையையும் வட்டத்துக்குள் இழுத்துப் போட்டிருந்தோம் என்பது கடைசியில்தான் தெரிந்தது. சட்டத்தரணி எழுந்து போய் அதைத் திரும்பச் சுவரோரம் வைத்தாள். 

அடுத்த கிழமை அந்தப் பிரிவை உட்கார்ந்து பார்த்தோம். எதிர்ப்புகள் இத்தனை இருக்கும்போது இப்படியே மேலே அனுப்பினால் பிரிவையே வெட்டிவிடுவார்கள் என்றார் இயக்குநர். ஒரு எண் வைத்தால் தப்பிக்கும். அதைக் காப்பாற்றத்தான் பார்க்கிறேன் என்றார். உண்மையாகவே அப்படித்தான் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே அண்டைக்கு ஒரு எண் சொன்னனீங்கள். முப்பத்தொண்டு. அதுவும் ஒரு பண்பாட்டில இருந்து வந்ததுதானே. சும்மா நாங்கள் கண்டுபிடிச்ச எண் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

நான் மறுத்தேன். அன்ரி சிரித்ததை, மணிக்கட்டைப் பிடித்ததை எல்லாம் சொன்னேன். சட்டத்தரணியும் எனக்காகப் பேசினாள். எண் கேட்டு மூன்று கூட்டம் நின்றவள், எண் வேண்டாம் என்று அன்று நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எண்ணா, வெட்டா என்று மட்டும் கேட்டார். முப்பத்தொன்று என்று நானே எழுதினேன்.

இப்போது அது விதி. இந்த மாநிலத்தில் எந்த ஓடைக்கரையில் சாவு விழுந்தாலும் மணிக்கூடு முப்பத்தொரு நாள் நிற்கும். பிறகு தானாக ஓடும்.

வசந்தம் முடியும் நேரம், ஜக்கரண்டாப் பூக்கள் உதிர்ந்து நடைபாதையெல்லாம் ஊதாவாகக் கிடந்தபோது பெறாமகள் திரும்ப அழைத்தாள். குடும்பம் எழும்பிவிட்டது என்றாள். இனிப் பெயரைச் சொல்லலாம். சனிக்கிழமை ஓடைக்கரையில் கூடுகிறார்கள், வரச் சொன்னாள். அலுவலகத்திலிருந்து வேறு யாரையும் கூப்பிடவில்லை.

போனேன். நெருப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தண்ணீருக்குள் நின்றார்கள். நீரேற்று நிலையத்தின் கம்பி வேலிக்குப் பக்கத்தில் மரத்தின் அடிக்கட்டை மட்டும் இருந்தது, சுற்றிலும் புல் வெட்டி, சுத்தமாக. பெறாமகள் என்னை அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்து, அன்ரியின் பெயரைச் சொன்னாள். நானும் சொன்னேன். அத்தனை மாதம் சொல்லாத பெயர், வாயில் கல் மாதிரி உருண்டது.

அவள் பிரிவைப் பற்றிக் கேட்டாள். அன்ரி கேட்டது வந்துவிட்டதா என்று. நான் சொன்னேன். எண்ணைச் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் குளிர்காலத்தின் வாட்டில் பூவிலிருந்து இந்த ஜக்கரண்டாப் பூவரைக்கும் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப எங்களுக்கு எப்பவோ முடிஞ்சிருக்க வேணும்," என்றாள்.

"ஓம்."

கொஞ்ச நேரம் அடிக்கட்டையின் வளையங்களைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த எண்ணை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொன்னேன். நாக்கு மடங்காமல் இரண்டு தரம் சிரமப்பட்டு, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னாள். முப்பத்தொன்று. இனி அவர்களும் எங்கள் சொல்லுக்குள் குடியிருக்க வேண்டியவர்கள்.

தண்ணீருக்குள் ஒரு பிள்ளை விழுந்து அழுதது. அவள் எழுந்து அந்தப் பக்கம் ஓடினாள்.