வால் பிளந்த மதில்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துபாயில் அலங்காரக் கான்கிரீட் வார்க்கும் ஒரு யார்டில் ஃபோர்மேன். தூண், வளைவு, ஜன்னல் சட்டம் எல்லாம் வார்ப்போம். கோட்டை மாதிரி வீடு வேண்டும் என்பவர்களுக்கு, மதிலின் உச்சியில் வரிசையாக நிற்கும் பற்களையும் வார்ப்போம். அதற்குத் தமிழில் ஞாயில் என்று ஒரு பழைய சொல் இருப்பதை அகராதியில் பார்த்துவிட்டு, ஒரு வாரம் ரூமில் எனக்கு வேறு பேச்சே இல்லை. "ஞாயில் பாய் வந்தாச்சு, எல்லாரும் தூங்குங்கப்பா" என்று போர்வையை இழுத்துக்கொள்வார்கள்.

எங்கள் லேபர் கேம்ப் இருக்கும் சோனாப்பூரிலிருந்து யார்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில்தான் போனில் படம் பார்த்துப் பார்த்து எனக்குக் கோட்டைப் பைத்தியம் பிடித்தது. இத்தாலியின் வடக்கே சில கோட்டைகளில் பல் சதுரமாக இருக்காது. உச்சி இரண்டாகப் பிளந்து, தகைவிலான் குருவியின் வால் போல விரிந்திருக்கும். சக்கரவர்த்தியின் கட்சிக்காரர்கள் பிளந்த பல் வைத்தார்கள், போப்பாண்டவர் கட்சி சதுரப் பல் வைத்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கட்சிக்கொடி மாதிரி மதில்! எனக்கு அது போதுமே. கோட்டை கோட்டையாகத் தேடினேன். பிறகு பழைய ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளில் வரைந்திருக்கும் சின்னச் சின்ன நகரங்களில் தேடினேன். ஒருநாள் ஒரு சுவடிப் படத்தில், கீழ்த்திசை நகரம் ஒன்றைச் சுற்றி அதே பிளந்த பல். இந்த அரபுப் பக்கத்து ஊர்களிலும் இது இருந்திருக்கிறது என்று அன்றே முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஒரு பண்ணை வீட்டு மதிலுக்கு ஆர்டர் வந்தது. "அந்தக் காலத்து மாதிரி" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். அச்சு செய்யும் கார்பெண்டர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். முன்பு படகு கட்டியவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு போய், ஒரு பழைய காவல் கோபுரத்தைச் சுற்றிப் பார்த்து, சிமெண்டு பை காகிதத்தில் வரைந்து வந்திருந்தார். படிப்படியாக ஏறி நுனியில் மழுங்கிய பல்.

டீ நேரத்தில் நான் போனை நீட்டினேன். "இதப் பாருங்க. இதுதான் ஒரிஜினல்."

"இது சீலா மீன் வாலுல்லா பாய்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இங்க எந்தக் கோட்டையிலயும் இப்படி நான் பாக்கலியே. வரைஞ்சவன் அவன் ஊரு மதிலப் பாத்து வரைஞ்சிருப்பான். எங்க ஊரு கோயில்ல மாதா படத்துக்குப் பின்னாடி இருக்கது எங்க கடற்கரைதான். மாதா அங்கயா பொறந்தா?"

"படகுக்கு ஆணி அடிச்சவருக்குக் கோட்டை வேற தெரியுமோ? நான் சொன்னத வெட்டுங்க" என்றேன். பத்துப் பேர் முன்னால். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதையே வெட்டினார். வெகு சுத்தமாக வெட்டினார்.

எண்பத்தாறு பற்களும் மதிலில் ஏறிய மறுநாள் பண்ணை வீட்டுக்காரரின் தகப்பனார், வயதான அரபி, வந்தார். கைத்தடியை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தார். "ஏ ஹமாரா நஹீ" என்றார் இந்தியில். இது எங்களுடையது இல்லை. கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு, "கலாஸ், உதாரோ" என்றார். போதும், எல்லாவற்றையும் இறக்கு.

கூட வந்திருந்த எங்கள் கம்பெனி எஞ்சினியர் எங்கள் பக்கம் திரும்பினார். "மோல்டு யார் செய்தது?"

கார்பெண்டர் என் பக்கத்தில்தான் நின்றார். அடுத்த வாரம் அவருக்கு லீவு. மகளுக்குப் புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். இரண்டு வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை. வெள்ளை கவுன் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: "கார்பெண்டர்தான் செஞ்சாரு சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பொய் சொல்லியிருந்தாலாவது மாட்டியிருப்பேன்.

"அப்படியென்றால் அவனே திரும்பச் செய்யட்டும். முடியும் வரை லீவு இல்லை" என்றார் எஞ்சினியர். கார்பெண்டர் என்னை ஒருமுறை பார்த்தார்.

கவுனை ஊருக்குப் போகும் யாரிடமோ கொடுத்து அனுப்பினார். புதுநன்மை நடந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஓவர்டைம். காலையில் புது அச்சின் மேல் போனைச் சாய்த்து வைத்து, தலையில் ஹெல்மெட்டோடு ஊர்க் கோயில் பூசையைப் பார்த்தார். மகள் முறை வந்தபோது ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு போனை என் பக்கம் திருப்பி, "பாய், பாருங்க, மூணாவதா நிக்கா" என்றார். பார்த்தேன். கவுன் கொஞ்சம் நீளம், தரையில் இழுபட்டது. இவர் இருந்திருந்தால் பிடித்துத் தூக்கியிருப்பார்.

நேராக ஆபீசுக்குப் போய் எஞ்சினியரிடம் சொன்னேன். டிசைன் என்னுடையது, கார்பெண்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று. அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கலாஸ், அது முடிந்தது. புதுப் பல் எப்போது வரும்?"

திரும்பி வந்து கார்பெண்டரிடம், "எஞ்சினியர்ட்ட உண்மைய சொல்லிட்டேன்" என்றேன். எனக்கு என்ன கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனோ தெரியவில்லை.

"இன்னைக்கா?" என்றார். உப்புத்தாளால் அச்சின் விளிம்பைத் தேய்த்தார். "அன்னைக்கு நீங்க சொல்லுவியன்னுதான் பாய் நான் சும்மா நின்னேன்."

அச்சைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். "பிடிங்க" என்றார். மறு முனையைப் பிடித்தேன்.