ஹாஜியார் கொடுத்த வெள்ளைத் துணி

திருகோணமலைக் கடைத்தெருக்காரரே, நாளைக்கு நீங்கள் மாலை போடப்போகும் துணிக்கடை ஹாஜியாரைத் துணி பதுக்கும் கள்ளன் என்று அதிகாரிகளுக்குப் பெட்டிசம் எழுதியது நீங்கள்தான். நானும் அதில் கையெழுத்து வைத்தேன்.

சண்டைக் காலம். துணிக்குத் தட்டுப்பாடு. அவர் கடைப் பின்னறையில் கிடந்த வெள்ளைத் துணியை அதிகாரிகள் அள்ளிப் போனார்கள். எந்தச் சமயத்தவரின் சாவு வீட்டுக்கும் சும்மா கொடுக்கவே அவர் அதை வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் என் மனைவி காய்ச்சலில் இறந்தாள். குண்டுக்குப் பயந்து அயலவர்கள் ஓடிவிட்டார்கள். போர்த்தத் துணியில்லாமல் அவரிடம் போனேன்.

அலுமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். "மக்கத்தால கொண்டு வந்தது. நான் மௌத்தானா எனக்குப் போர்த்த வெச்சிருந்த. கொண்டு போங்க."

"ஹாஜியார், பெட்டிசத்தில என்ட பேரும் இருக்கு."

"ஓம், பார்த்த. உங்கட மனிசி தனியக் கிடக்கிறா. கெதியாப் போங்க."

ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவளுக்குப் போர்த்திவிட்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் மனம் ஆறாமல் அப்படித்தான் இருக்கிறேன்.

என்னோடு கையெழுத்து வைத்த மூன்று பேர் நாளைக்கு மேடையில் இருப்பீர்கள். அவரைப் புகழ முதல், ஏன் எழுதினீர்கள் என்று சனத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.