காய்ச்சாத பால் குடித்த அண்ணாச்சி

நாற்பத்தைந்து வயதில் எனக்குத் திடீரென்று உடம்பின் மேல் அக்கறை வந்தது. பாலைக் காய்ச்சினால் சத்தெல்லாம் செத்துப்போகும் என்று கைபேசிக் காணொளியில் ஒருவர் அடித்துச் சொன்னார். சிவகாசி அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறவன் நான். அச்சில் வரும் எதையும் இரண்டு முறை சந்தேகப்படுவேன். அந்த ஆளை மட்டும் ஒரே தடவையில் நம்பிவிட்டேன்.

விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண் இரண்டு மாடு வைத்திருந்தாள். காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் கறந்து விற்றுவிடுவாள். தினமும் போய், நுரை அடங்குமுன் ஒரு சொம்பு வாங்கி அங்கேயே நின்று குடித்தேன்.

“காய்ச்சிக் குடிங்க அண்ணாச்சி. இந்தச் செவலை மாடு போன மாசந்தான் கொறமாசத்துல செத்த கண்ண வீசிருச்சு” என்றாள்.

“மாட்டுக்கு வந்தா எனக்கென்னம்மா? நானா கண்ணு போடப் போறேன்?” என்று சிரித்தேன். பாலின் சத்தைப் பற்றி வகுப்பும் எடுத்தேன். பாவம், வேன் ஹாரன் அடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும்; விடியும்போது சட்டையைப் பிழியலாம் போல வியர்த்து இறங்கும். குனிந்து செருப்பு மாட்ட முடியாத இடுப்பு வலி. உடம்பில் இருக்கும் விஷம் வெளியேறுகிறது என்று மனைவிக்கு விளக்கம் சொன்னேன்.

“அம்புட்டு வெசமும் எறங்குற வரைக்கும் நா பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?” என்று என்னை விருதுநகருக்கு இழுத்துப்போனாள்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். “பச்சைப் பால் குடிப்பீங்களா?” என்று கேட்டார்.

“எப்பவாவது” என்றேன்.

“தெனமும் ஒரு சொம்பு டாக்டர்” என்றாள் மனைவி.

ரத்தத்தைச் சோதித்தார்கள். மாடுகளைக் கன்று வீச வைக்கும் அதே கிருமி எனக்குள் குடியிருந்தது. ஆறு வாரத்துக்கு மாத்திரை.

பால்காரப் பெண்ணிடம் சொல்லப் போனபோது வண்டியை நிறுத்தவே கூச்சமாக இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. “செத்த கண்ண வெறுங்கையாலதான இழுத்துப் போட்டேன்” என்று தன் கைகளைப் பார்த்தாள். அவளையும் சோதனைக்கு அழைத்துப்போனோம். நல்லவேளை, அவளுக்கு ஒன்றுமில்லை. மாடுகளில் செவலைக்கு மட்டும் நோய் உறுதியானது. கால்நடை மருத்துவர் சொன்னபடி அதைத் தனியே கட்டி, அதன் பாலை நிறுத்தினாள்.

இப்போது இன்னொரு மாட்டின் பாலை ஊற்றும்போதும் ஒவ்வொரு வீட்டிலும், “பொங்கக் காய்ச்சுங்க. காய்ச்சாமக் குடிச்சுட்டு அச்சாபீஸ் அண்ணாச்சி பட்ட பாட்டக் கேட்டீகன்னா…” என்று ஆரம்பிக்கிறாளாம். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, “இடுப்பு இப்ப எப்படி இருக்கு?” என்று விசாரிக்கிறார்கள்.