இரண்டு பாட்டில் தண்ணீர்

பாலித்தீவில் எனக்கு ஒரு விடுதி இருக்கிறது என்று சொன்னால் ஆம்பூரில் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறார்கள். ஆறு அறை, ஒரு நீச்சல் குளம், பின்னால் வயல். தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவனுக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்கிறார்கள். உழைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்த விடுதியைப் பற்றி யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சொல்லாததற்குக் காரணம் வெட்கம், வேறொன்றுமில்லை.

அதற்கு முன் அப்பாவின் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் எங்களுக்கு. நான் பள்ளிக்கூடம் போகும்போதே கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது. பச்சைத் தோல் உப்பில் புரட்டித்தான் டேனரிக்கு வரும். அதை ஊறவைத்த தண்ணீரை வெளியே விட்டால் அந்த உப்பு நிலத்துக்குள்தான் இறங்கும். ஊர்க்காரர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமைகளில் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போவார்கள். அப்பாதான் முன்னால் நிற்பார். அவருக்குப் பேச வராது. பாட்டிலை மேஜைமேல் டொக்கென்று வைப்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் மனு கினு எல்லாம் வேண்டாம் என்று பாட்டிலோடு நேராக டேனரிக்கே போனார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் வெட்டியாக இருந்த என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேனேஜர் எங்களை உட்கார வைத்து டீ சொன்னார். பாட்டிலைப் பார்த்தார், தொடவில்லை. மழை கம்மி, அதனால் கரிக்கிறது, எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகவில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பையன் இன்னா படிச்சிருக்கான்?"

அடுத்த வாரமே எனக்கு ஃபினிஷிங் பிரிவில் வேலை. அன்று டீ குடித்துவிட்டு டேனரி கேட்டைத் தாண்டியதும் அப்பா நின்றார். பாட்டிலைத் திறந்து தண்ணீரைப் புளியமரத்தடியில் ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை உதறிவிட்டு, காலி பாட்டிலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு திங்கட்கிழமைகூட வேலூருக்குப் போகவில்லை. ஊர்க்காரர்கள் வந்து கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பார். கொஞ்ச நாளில் அவர்கள் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு அதெல்லாம் உறைக்கவேயில்லை. கையில் சம்பளம் வந்தது. தோலுக்கு நிறமும் மினுமினுப்பும் ஏற்றும் வேலையில் நான் கெட்டிக்காரனாகவும் இருந்தேன். அந்த மேனேஜர் தங்கமான மனுஷன் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபது வருஷம் அப்படித்தான் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன்.

பிறகு இந்தோனேசியாவில் ஜாவா பக்கம் ஒரு டேனரியில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. எட்டு வருஷம் இருந்தேன். லீவுக்குப் பாலித்தீவுக்குப் போனபோது அந்த ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுக்காரன் அங்கே நிலம் வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். ஒரு விவசாயி தன் மேல்வயலை இருபத்தைந்து வருஷத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். கீழ்வயலைத் தன் நெல்லுக்கு வைத்துக்கொண்டார். வாய்க்கால் என் இடத்தின் ஓரமாக இறங்கித்தான் அவர் வயலுக்குப் போகும். தினமும் காலையில் அவர் வந்து, ஓலையில் முடைந்த சின்னத் தட்டில் பூவும் கொஞ்சம் சோறும் வைத்து, தன் மடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். எனக்கு அது அழகாக இருந்தது. போட்டோ எடுத்து விடுதியின் விளம்பரத்தில் போட்டேன்.

அங்கே என் பிழைப்பு ஒரு தினுசாகத்தான் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் என்னை பாஸ் என்று கூப்பிட்டார்கள். வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களோ என் நிறத்தைப் பார்த்து வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கையில் திணித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போய் அறையில் வைத்திருக்கிறேன். முதலாளி நான்தான் என்று பிறகு தெரியவரும்போது அவர்கள் நெளிவார்கள். அந்த நெளிவில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். நீச்சல் குளம் கட்டியதே பாதி அந்த வீம்பில்தான்.

குளோரின் கண்ணை எரிக்கிறது, உப்புநீர்க் குளம்தான் வேண்டும் என்று விருந்தாளிகள் கேட்டார்கள். சரி என்று அதையே கட்டினேன். உப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வடிகட்டியைக் கழுவும் தண்ணீரை எங்கே விடுவது என்று குளம் கட்டியவன் கேட்டான். தோட்டத்தில் பெரிய குழி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓரத்து வாய்க்கால் இருக்கிறது என்றான். நான் வாய்க்காலைக் காட்டினேன். பேசக்கூட இல்லை, விரலை நீட்டினேன். உப்புத் தண்ணீர் நெல்லை என்ன செய்யும் என்று அந்தத் தீவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இருந்திருக்க மாட்டான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. மழை நின்று வாய்க்காலில் தண்ணீர் குறைந்ததும், கீழ்வயலில் மடைக்கு நேராக இருந்த மூலையில் நெல்லின் நுனி காய்ந்தது. பிறகு தாளே வெளுத்தது. என் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும். நான் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை டிபன் முடிந்த நேரத்தில் அந்த விவசாயி வந்தார். கையில் பாட்டில். எங்கள் விடுதி அறைகளில் வைக்கும் குடிநீர் பாட்டில்தான், என் விடுதியின் பெயர் ஒட்டியது. அதில் மடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, எனக்குப் புரியும்படி நிறுத்தி இந்தோனேசிய மொழியில் குடித்துப் பாருங்கள் என்றார்.

நான் குடித்தேன். குடிக்காமலேயே எனக்குத் தெரியும்.

கடல் பக்கத்தில் இருக்கிறது, வெயில் காலத்தில் கடலின் உப்பு நிலத்தடியில் ஏறும் என்று சொன்னேன். நான் கெமிக்கல் தெரிந்தவன், தண்ணீரைப் பற்றி என்னிடம் கேளுங்கள் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு அவர்மேல் நிஜமாகவே பரிதாபம் வந்தது. ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. உங்கள் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டேன்.

அவள் ஓட்டல் வேலைக்குப் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்கள், ரிசப்ஷனில் உட்காரட்டும் என்றேன். அவர் எழுந்தார், கைகூப்பினார். வெளியே போனவர் வாசல் மரத்தடியில் நின்று பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை உதறினார். காலி பாட்டிலை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு நடந்தார்.

அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வாயை அடைக்க வேண்டும் என்று திட்டம் போட்டு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. நல்ல மனுஷன் செய்கிற காரியம் என்று நினைத்துக் கொடுத்தேன். அப்படித்தான் எனக்குப் பழகியிருந்தது. அவர் பாட்டிலை உதறியதைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். புளியமரத்தடியில் நின்ற அப்பாவின் முதுகு அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

குழாயை மாற்றினேனா என்றால், இல்லை. தோட்டத்தைத் தோண்டினால் விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள், சீசன் முடியட்டும் என்று இருந்தேன். பாலியில் சீசன் முடிவதே இல்லை. வெட்கப்பட்டேனா, பட்டேன். வெட்கப்பட்டு என்ன கிழித்தேன்? அந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தை உயர்த்தினேன். அவள் வேலையில் சேர்ந்த அன்று அப்பாவும் பெண்ணுமாக வந்தார்கள். அவர் தலையில் வெள்ளைத் துணி கட்டி, கோயிலுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார். இரண்டு பேரையும் நிற்க வைத்து நான்தான் போட்டோ எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் பாட்டிலோடு வரவில்லை. பூத்தட்டு மட்டும் தினமும் மடைக்கு வந்தது. அடுத்த போகத்தில் அந்த மூலையை நடாமல் விட்டார்.

போன மாதம் அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யாரும் குடிப்பதில்லை. வீட்டில் கேன் தண்ணீர்தான். வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டியதுபோல அவருக்கும் போனில் குளத்தின் போட்டோவைக் காட்டினேன். மற்றவர்கள் எவ்வளவு செலவு என்று கேட்டார்கள், வெள்ளைக்காரிகள் வருவார்களா என்று கேட்டார்கள். அப்பா போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இம்மாந் தண்ணியும் எங்கப்பா போவுது?"

"அதுக்குத் தனியா குழி இருக்கு நைனா."

எழுபத்தைந்து வயது மனிதரிடம் வாய் கூசாமல் சொன்னேன். அவர் நல்லது என்றார். போனைத் திருப்பித் தரவில்லை.

"உனக்கு வேல கெடச்சதுல எனக்கு சந்தோசம்தான்பா, இல்லன்னு சொல்லல. ஆனா உன்கிட்ட எவனாவது பாட்டில எடுத்துக்கினு வந்தான்னா, அவன் புள்ளைக்கு மட்டும் வேல குடுத்துறாத. அதுக்கப்புறம் அவனால வாயத் தொறக்க முடியாது."

நான் சரி என்றேன். அவர் கட்டைவிரல் பட்டு அடுத்த போட்டோ வந்துவிட்டது. சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண், பக்கத்தில் தலையில் வெள்ளைத் துணி கட்டி, கைகூப்பி நிற்கிற மனிதர்.

இந்தப் பொண்ணு யாரு என்று கேட்டார். அங்கே வேலை செய்கிற பெண் என்றேன். அப்பா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அந்த மனிதரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று என்னைக் கேட்கவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, எழுந்துபோய் கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.