பின்பக்கம் பார்த்த எட்டு சீட்டுகள்

பேய், பில்லி, சூனியம் எதையும் நம்பாத வீட்டுப் பெண் நான். ஈரோட்டில் பூனை குறுக்கே வந்தால், என் அப்பா பூனைக்கு வழிவிட்டுவிட்டுத் தன் பாட்டுக்குக் கிளம்பிப் போவார். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நான் படித்தது நியூ ஜெர்சியில். அங்கே தெருமுனையில் வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும், ஃபோனில் ஆப்பைத் திறந்து பூட்டை விடுவித்து எடுத்துக்கொண்டு போய் வேறொரு நிலையத்தில் விட்டுவிடலாம். சைக்கிள் ரிப்பேர் என்றால், ஓட்டியவர் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவார், அடுத்தவர் ஏமாறக் கூடாதே என்று. யாரும் எழுதிவைக்காத விதி. இது தெரியாமல் நான், யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று ஒரு சீட்டை நேராக்கி ஏறி உட்கார்ந்து, பிரேக் பிடிக்காமல் குப்பைத்தொட்டியில் போய் மோதிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். பட்டால்தானே புத்தி வருகிறது.

அடுத்த வருடம் ஹூஸ்டனுக்கு மாறி வந்தேன். கார் இல்லாதவளுக்கு இந்த ஊரில் கால் இல்லாத மாதிரிதான், நல்லவேளையாக எங்கள் அபார்ட்மென்ட் வாசலிலேயே ஒரு சைக்கிள் நிலையம் இருந்தது. ஓடைக்கரைப் பாதையில் போனால் பத்து நிமிடத்தில் வகுப்பு. வழியில் ஒரு பாலத்துக்கு அடியில் பாதை சரிந்து வளைந்து இறங்கும், அங்கே தினமும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு விர்ரென்று இறங்குவேன்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கடைசித் தேர்வு. அந்தப் பாடத்தில் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தேன், அது போனால் விசாவும் போகும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. எட்டரைக்கு இறங்கி வந்து பார்க்கிறேன், எட்டு சைக்கிள் நிற்கிறது, நம்பினால் நம்புங்கள், எட்டின் சீட்டும் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. ஆப்பில் எல்லாமே பச்சை, அதாவது ஓட்டலாம். வந்த ஆத்திரத்தில் ஓரத்தில் இருந்த ஒரு சீட்டைப் பிடித்து நேராக்கிவிட்டேன். ஃபோனை எடுக்கும்போது அந்தக் குப்பைத்தொட்டி ஞாபகம் வந்தது. எதற்கு வம்பு என்று அதை மறுபடி பின்பக்கமே திருப்பி வைத்துவிட்டு, ஊரையே திட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன்.

பாலத்தடி வளைவுக்கு வந்தால் பாதையைக் காணோம். செம்மண் நிறத்தில் தண்ணீர், ஒரு பெரிய மரக்கிளையை உருட்டிக்கொண்டு போகிறது, அதிகச் சத்தம்கூட இல்லை. வளைவில் திரும்பும்வரை எதுவும் தெரியாது. நடந்து வந்ததால் மூன்றடி தள்ளி நின்றேன், சைக்கிளில் வந்திருந்தால் நின்றிருக்க மாட்டேன். எனக்கு நீச்சலும் தெரியாது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலே ஏறி ரோடு வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். பாதிப் பேர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதால் தேர்வைப் பத்து மணிக்குத் தள்ளியிருந்தார்கள். எழுதினேன், பாஸும் ஆனேன்.

சாயங்காலம் என் ரூம்மேட் ரெஹானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலூர்க்காரி, சட்டென்று எதையும் நம்ப மாட்டாள்.

"எக்ஸாம் டென்ஷன்ல சரியா பாத்திருக்க மாட்டடி."

"எட்டுமா தப்பா தெரியும்?"

சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "சரி, யார் செஞ்சா என்ன, முழுசா வந்துட்டல்ல. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு சாப்பிடு."

சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம், சைக்கிள்களுக்குக் காற்றடிக்க வந்த ஊழியரிடம், அன்றைக்கு எட்டுமே ரிப்பேரா என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லையே என்றார். சீட்டெல்லாம் திரும்பியிருந்ததே என்றேன். அவருக்குப் புரியவில்லை. இந்த ஊரில் இருப்பதெல்லாம் ஒரே மாடல், சீட் மேலேயும் கீழேயும்தான் போகும், திரும்பாது என்றார். நம்பாமல் அங்கிருந்த ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருகிப் பார்த்தேன், உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

எனக்குப் புரிகிற ஒரே அடையாளத்தை வைத்து யாரோ என்னைத் தடுத்திருக்கிறார்கள். யாரென்று தெரியாது, தெரியவும் வேண்டாம், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். படிப்பு முடிந்து வேலைக்கும் வந்துவிட்டேன், இன்றும் காலையில் கண் விழித்ததும் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் காபி. ஆனால் அந்த ஓரத்து சீட்டைக் கடைசியாகத் திருப்பி வைத்தது நான். என் ஒரு கைக்கே அது லேசாகத் திரும்பியது.