இறாக்கைக்குப் போன கிரீடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவில் சாமான் அடுக்கும் இரும்பு இறாக்கைகள் வந்து இறங்கிய அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம் புதுக் கட்டிடத்துக்கு மாறியதால் சும்மா கிடந்த அறை அது. காமன் கூத்துச் சாமான்களையெல்லாம் ஒரே இடத்தில் அடுக்கிப் பாதுகாக்கப்போகிறோம் என்றார் கோயில் கமிட்டித் தலைவர். ஹாலிஎலப் பக்கமிருந்தெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருவார்களாம். இறாக்கைகளை யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"நல்லவங்க குடுத்தாங்க" என்றார். அந்தப் பதிலே எனக்குப் பிடிக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பொருவர் வந்து, பிரதி எடுத்துத் தருகிறேன் என்று லயத்து வரிசை வீடுகளிலிருந்த பழைய படங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு பதுளை பஸ் ஏறினார். அதோடு சரி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

எங்கள் வீட்டில் இருந்தது மன்மதன் கிரீடம். அப்பாவின் தாத்தா காலத்தில் மரத்தில் குடைந்து செய்தது. மாசி மாதக் கூத்தில் அப்பாதான் மன்மதன். மற்ற நாட்களில் கிரீடம் அடுப்புக்கு மேலே பரணில் இருக்கும். புகை பட்டால் பூச்சி அண்டாது. கொடுத்தால் திரும்பி வராது என்பதில் வீட்டில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை. கொடுக்காவிட்டால் தலைவரின் பொல்லாப்பு. அம்மாதான் வழி சொன்னார். அப்பா அட்டையை வெட்டி, ஜிகினா ஒட்டி, மேலே கரி தேய்த்துப் பழசாக்கினார். அதைத்தான் மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தோம்.

திறப்பு விழாவன்று இறாக்கைகளை மேலும் கீழும் துழாவினேன். ரதியின் ஒட்டியாணத்தைத் தொட்டால் கையில் கரி ஒட்டியது. தலைவர் வீட்டுத் தப்பு மேளத்தில் புது வார்னிஷ் வாசனை. எல்லாவற்றுக்கும் கீழே 'மிகப் பழமையானது' என்று சீட்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கைதட்டினோம்.

பிறகு ஒரு பகலில், எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, லயம் தீப்பிடித்தது. தலைவர் வீடும் எங்கள் வரிசைதான். ஆட்களுக்கு ஒன்றுமில்லை, பரண் ஒன்றும் மிஞ்சவில்லை. தள்ளி நின்ற பிள்ளைக் காம்பராவுக்குப் புகைகூடப் போகவில்லை. கூத்தில் எரிந்த மன்மதன் மூன்றாம் நாள் எழுந்துவிடுவான். கிரீடம் எழவில்லை. அப்பா சாம்பலைக் கிளறியபடியே அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த மாசியில் தலைவர் இறாக்கையிலிருந்து அட்டைக் கிரீடத்தை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினார்.

"கூத்து முடிஞ்சதும் பத்திரமா திருப்பிக் குடுத்துருங்கண்ணே. பழைய சாமான்."

தெரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். அப்பா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"ஆமாங்க தலைவரே. இது ஒன்னுதானே இருக்கு."