கீரை யார் தட்டில்?

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாக மாறும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெல்லித்தோப்பு ஆட்டோக்காரர் பிரேம்குமாருக்கு யாரும் சொல்லவில்லை, அவராகவே நம்பினார். விடிந்ததும் பீட்ரூட்டைத் துருவி, துணியில் பிழிந்து, சாற்றைக் கர்ப்பிணி மனைவி தீபலட்சுமி குடித்து முடிப்பதைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். விரலெல்லாம் சாயம்.

"என்னா மாமா, எவன வெட்டிட்டு நேரா ஸ்டாண்டுக்கு வந்துட்ட?" என்பார்கள் மற்ற ஆட்டோக்காரர்கள்.

"போங்கடா. உங்கக்காவுக்கு ரத்தம் கம்மியாம், எட்டரதான் இருக்காம். இந்தக் கலரப் பாரு, அப்படியே ஒடம்புல ஏறும்."

எதையும் நிறம் பார்த்தே எடைபோடுவார். வெள்ளைச் சட்டைக்காரன் பேரம் பேசுவான், பூப்போட்ட சட்டை பீச்சுக்குத்தான் போகும் என்று சவாரி ஏறும் முன்பே தீர்ப்பு சொல்லிவிடுவார்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஆனந்தமேரி அவரை உட்கார வைத்துச் சொன்னார்: "கலர் வேற, சத்து வேற தம்பி. நூறு கிராம் பீட்ரூட்ல இரும்பு ஒரு மில்லிகிராம்கூட தேறாது. அதே அளவு முருங்கக்கீரையில நாலுக்கு மேல. கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சிக்கிட்டா நல்லா சேரும். இரும்பு மாத்திரய மட்டும் விட்டுடாதீங்க."

அன்றிலிருந்து வண்டியில் தினமும் கீரைக்கட்டு. சவாரி இல்லாத நேரத்தில் மடியில் துண்டை விரித்து உருவுவார். ஒரு காம்பு தங்காது.

பதினொன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் மறுமாதப் பரிசோதனையிலும் அதே எட்டரையில் நின்றது. பிரசவத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பிரேம்குமார் நர்ஸிடம் முறையிட்டார்.

"தெனம் கீரதான் சிஸ்டர்! நானே உருவிக் குடுக்கறேன். என்னா ருசியா செய்யுது தெரியுமா? நான் ரெண்டு வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிடறேன்!"

"நீ சாப்பிட்டது இருக்கட்டும். ஏம்மா, நீ?"

தீபலட்சுமி முந்தானையைத் திருகினாள். "அத்த, இவுரு எல்லாம் சாப்ட்டப்புறம்தான் சிஸ்டர் ஒக்காருவேன். கீர எங்க மிஞ்சுது? சட்டிய வழிச்சிக்குவேன். வெறும் வயித்துல மாத்திர கொமட்டுது... போடறதில்ல."

எதில் இரும்பு அதிகம் என்று தெரிந்துகொண்ட மனிதர், அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நாம் மட்டும் கேட்டோமா? பெண் கடைசியில் சாப்பிடுவதைப் பண்பாடு என்கிறோம். வழித்த சட்டியைக் கொண்டு பிள்ளை வளர்க்கச் சொல்லும் பண்பாட்டை நோணாங்குப்பம் கழிமுகத்தில் கொட்டிவிட்டு வரலாம், மீன்கூடத் தொடாது.

மனைவியை முதலில் சாப்பிட உட்கார வைத்த அன்று அவருடைய அம்மா முறைத்தார். "ஆம்பள பசியோட ஒக்காந்திருக்க, பொண்டாட்டி மொதல்ல திம்பாளா?"

"அர மணி நேரம் பொறுத்தா நான் ஒண்ணும் செத்துட மாட்டேம்மா. நீயும் வா, அவகூட ஒக்காரு."

இப்போது தீபலட்சுமி சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுகிறாள். குமட்டல் குறைந்திருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது ரத்தம் ஒன்பதரை. இன்னும் ஏற வேண்டும்; ஏறும்.

நேற்று மதியம் பழக்கதோஷத்தில் அவர் தட்டைத்தான் அவள் முதலில் எடுத்து வைத்தாள். பிரேம்குமார் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கரண்டி நிறையக் கீரையை அள்ளி அவள் தட்டில் போட்டார்.

இன்று உங்கள் வீட்டிலும் ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.